பிரிக்காத சொத்தும் பிரிந்துபோன கைப்பிரதிகளும்: ஆம்ஹெர்ஸ்ட் டிக்கின்சன் பிள்ளைகள், ஒரு நிகழ்வு ஆய்வு

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹெர்ஸ்ட் 1830இல் சுமார் 2,600 பேர் வாழ்ந்த சிற்றூர். அங்கே மூன்று தலைமுறை வழக்கறிஞர்களைக் கொண்ட குடும்பம் டிக்கின்சன் குடும்பம். தாத்தா சாமுவேல் ஃபவுலர் டிக்கின்சன், அப்பா எட்வர்ட், மகன் ஆஸ்டின் மூவரும் ஊராருக்குப் பத்திரமும் உயிலும் எழுதித் தந்தவர்கள். ஆனால் எட்வர்ட் உயில் எழுதாமலே இறந்தார். ஆஸ்டின் தன் கடைசி ஆசையைத் தங்கை லவினியாவின் வாய்மொழி உறுதியை நம்பி விட்டுவிட்டுப் போனார். அந்தத் தங்கை தான் போட்ட கையெழுத்தையே மறுத்து நீதிமன்றம் ஏறினார்.

எட்வர்டின் மகளும் கவிஞருமான எமிலி டிக்கின்சனின் கவிதைகள் இன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியிலும் இரண்டாகக் கிடக்கின்றன. இதற்கு இலக்கியப் பகையைக் காரணமாகச் சொல்வதுதான் வழக்கம். பகை இருந்தது உண்மை. ஆனால் அது பிடித்து ஏறிய கொடிக்கால் சொத்துப் பதிவுகளில் இருக்கிறது. மூன்று பிள்ளைகளின் கதையை அந்த வழியில் தொடர்ந்தால் பல முடிச்சுகள் தாமே அவிழ்கின்றன.

வீடு, கடன், பிள்ளைகள்

ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி 1821இல் உருவாக முன்நின்றவர்களில் சாமுவேல் ஒருவர். அந்த முயற்சியில் கைப்பணமும் போய்க் கடனும் ஏறியது. 1813 வாக்கில் அவர் கட்டிய செங்கல் வீட்டின் மேற்குப் பாதியை மகன் எட்வர்ட் 1830இல் வாங்கினார். 1833இல் சாமுவேல் ஒஹையோ மாநிலத்துக்குப் பிழைப்புத் தேடிப் போனார். வீடு கைமாறி டேவிட் மேக் என்பவரிடம் சென்றது. எட்வர்டின் குடும்பம் அதே வீட்டின் ஒரு பாதியில் 1840 வரை வாடகைக்கு இருந்தது. சொந்த வீட்டில் குடியிருப்பாளராகும் நிலையை எட்வர்ட் மறக்கவே இல்லை என்று எண்ண இடமுண்டு. 1855இல் முழு வீட்டையும் திரும்ப வாங்கி, விரிவாக்கி, செடிகளுக்கு ஒரு கண்ணாடி அறையும் சேர்த்தார்.

எட்வர்டுக்கும் எமிலி நார்கிராஸுக்கும் மூன்று பிள்ளைகள். வில்லியம் ஆஸ்டின் 1829 ஏப்ரல் 16இலும், எமிலி எலிசபெத் 1830 டிசம்பர் 10இலும், லவினியா நார்கிராஸ் 1833 பிப்ரவரி 28இலும் பிறந்தார்கள். 1840இல் ஊர்ஊராகச் சுற்றிவந்த ஓவியர் ஓட்டிஸ் புல்லர்டு மூவரையும் ஒரே படத்தில் வரைந்தார்.

மூவருக்கும் கல்வி குறையில்லாமல் கிடைத்தது. எமிலி ஆம்ஹெர்ஸ்ட் அகாடமியில் படித்துவிட்டு, 1847–48இல் சவுத் ஹேட்லியில் மேரி லயன் நடத்திய மவுண்ட் ஹோல்யோக் பெண்கள் பள்ளியில் ஓராண்டு இருந்தார். லவினியா இப்ஸ்விச் பெண்கள் பள்ளிக்குப் போனார். ஆஸ்டின் 1850இல் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியிலும் 1854இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியிலும் முடித்தார்.

ஆஸ்டினுக்கு மேற்கே போய்த் தொழில் தொடங்கும் எண்ணம் இருந்தது. மகனை ஊரிலேயே இருத்த எட்வர்ட் கையாண்ட வழி, பக்கத்து மனையில் ஒரு வீடு. 1856 ஜூலை 1இல் ஆஸ்டின் சூசன் கில்பர்ட்டை மணந்து, அந்த எவர்கிரீன்ஸ் வீட்டில் குடியேறினார். இரண்டு வீடுகளுக்கும் நடுவே ஒரு நடைபாதைதான். எமிலியும் லவினியாவும் மணம் செய்துகொள்ளவில்லை. ஆக, மூன்று பிள்ளைகளும் சாகும்வரை அப்பா வகுத்த மனை எல்லைக்குள்ளேயே வாழ்ந்தார்கள்.

எட்வர்ட் 1835 முதல் 1873 வரை கல்லூரியின் பொருளாளர். 1853–55இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர். ஊருக்கு ரயில் வரவும் காரணமானவர். ஓர் எஞ்சினுக்கே அவர் பெயர் சூட்டப்பட்டது. அவருக்குப் பின் பொருளாளர் பதவி ஆஸ்டினுக்கு வந்தது, 1895 வரை அவரிடமே இருந்தது.

1874: உயில் இல்லாத வழக்கறிஞர்

1874 ஜூன் 16. மாநிலச் சட்டமன்றத்தில் பேசிக்கொண்டிருக்கையில் உடல் தளர்ந்த எட்வர்ட், அன்றே பாஸ்டன் விடுதி அறையில் இறந்தார். உயில் இல்லை. உயிலின்றி இறந்தவரின் நிலம் மாசசூசெட்ஸ் சட்டப்படி ஆண் பெண் பேதமின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும். கைம்பெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கை ஆயுள் முழுக்க அனுபவிக்கும் உரிமை உண்டு. ஆஸ்டின் சொத்து நிர்வாகி ஆனார். பாகப்பிரிவினை மட்டும் நடக்கவில்லை.

ஒவ்வொருவருக்கும் மூன்றில் ஒரு பங்கு என்பது தாளில் உள்ள கணக்கு. தரையில் எந்தத் துண்டு யாருடையது என்று கோடு கிடையாது. இப்படிப்பட்ட சொத்தில் ஒருவர் ஒரு மூலையை விற்கவோ கொடுக்கவோ நினைத்தால் மற்ற பங்காளிகளும் கையெழுத்திட வேண்டும். குடும்பம் ஒற்றுமையாக இருக்கும்வரை இது உறுத்தாது. நிர்வாகியும் பங்காளியும் ஒரே ஆளாக இருந்து, அவர் சொல்லும் இடத்தில் மற்றவர்கள் கையெழுத்துப் போடும் பழக்கமும் சேர்ந்துவிட்டால், ஆவணத்தைப் படித்துப் பார்க்கும் வழக்கமே போய்விடும். லவினியாவுக்கு நேர்ந்தது இதுதான். இருபது ஆண்டுகளாக வீட்டுக் கணக்கு, வரி, நிலம் எல்லாவற்றையும் ஆஸ்டின்தான் பார்த்தார்.

எட்வர்ட் இறந்து ஓராண்டு நிறையும் தறுவாயில் தாய் பக்கவாதத்தால் விழுந்தார். பிறகு இடுப்பெலும்பும் முறிந்தது. 1882 நவம்பரில் இறக்கும்வரை ஏழாண்டுகள் இரண்டு மகள்களும் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். எமிலி வெளியே வராததைப் புதிராக்கி எழுதுபவர்கள் இந்த ஏழாண்டுகளை ஏனோ தாண்டிப் போய்விடுகிறார்கள்.

1883 அக்டோபர் 5இல் ஆஸ்டினின் கடைசி மகன் கில்பர்ட் எட்டு வயதில் டைஃபாய்டு காய்ச்சலில் இறந்தான். 1886 மே 15இல் எமிலி இறந்தார். சான்றிதழில் காரணம் பிரைட் நோய், அதாவது சிறுநீரக நோய். இறுதிக்கால அறிகுறிகளை வைத்து, கடுமையான உயர் இரத்த அழுத்தமே மூலம் என்று பிற்கால ஆய்வாளர் சிலர் வாதிடுகிறார்கள். தன் பங்கை எமிலி உயில்வழி லவினியாவுக்கு எழுதிவைத்திருந்தார். இப்போது பிரிக்காத சொத்தில் லவினியாவுக்கு மூன்றில் இரண்டு, ஆஸ்டினுக்கு ஒன்று. கைப்பிரதிகளும் லவினியாவுக்கே வந்தன. அந்த உயிலில் கவிதை என்ற சொத்தைப் பற்றித் தனிக்குறிப்பு இல்லை. அப்படியொன்று இருக்கிறது என்பதன் அளவே யாருக்கும் தெரியாது.

பெட்டிக்குள் இருந்தவை

தனக்கு வந்த கடிதங்களை எரித்துவிடச் சொல்லியிருந்தார் எமிலி. லவினியா எரித்தார். கவிதைகளைப் பற்றி அப்படி எதுவும் சொல்லப்படவில்லை. ஆகவே அவை தப்பின. மொத்தம் 1,800க்குச் சற்றுக் குறைவு. உயிரோடு இருந்தபோது அச்சேறியவை சுமார் பத்துதான், அவையும் பெயரில்லாமல்.

கட்டமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் பின்னால் நடந்த சேதம் புரியாது. ஏறத்தாழ 1858 முதல் 1864 வரை எமிலி 40 சிறு கையேடுகள் தைத்தார். அவற்றில் 800க்கு மேற்பட்ட கவிதைகள். கடையில் நடுவே மடித்தே விற்ற எழுதுதாளை எடுத்துக்கொள்வார். ஒரு தாளுக்கு இரண்டு இதழ், நான்கு பக்கம். நான்கு முதல் ஆறு தாள் வரை எழுதிச் சேர்ந்ததும், ஒன்றுக்குள் ஒன்றைச் செருகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார். இடது ஓரத்தில் இரண்டு துளை குத்தி நூலைக் கோத்து முடிபோடுவார். பக்க எண் இல்லை, தலைப்பு இல்லை, உள்ளடக்கம் இல்லை. ஒரு சொல்லுக்கு மாற்றுச் சொல் தோன்றினால் அந்த இடத்தில் சிறு கூட்டல் குறியிட்டு, கவிதையின் அடியில் மாற்றை எழுதிவைப்பார், முதற்சொல்லை அடிக்காமல்.

செருகித் தைத்த நோட்டில் நூல் அறுந்தாலும், ஒரே தாளின் முன்பாதியும் பின்பாதியும் இணைந்திருப்பதால் வரிசையை ஓரளவு மீட்கலாம். அடுக்கித் தைத்ததில் அது நடக்காது. ஏட்டுச்சுவடியின் கயிறு போனதுபோல, நூல் போனால் வரிசையும் போயிற்று.

லவினியா முதலில் அண்ணி சூசனிடம்தான் கொடுத்தார். அது பொருத்தமான முடிவு. எமிலி 250க்கு மேற்பட்ட கவிதைகளைச் சூசனுக்கே அனுப்பியிருந்தார், அவரைப்போல அவற்றைப் படித்தவர் வேறு எவருமில்லை. ஆனால் மாதங்கள் போயின, அச்சு வரவில்லை. பொறுக்காத லவினியா திரும்ப வாங்கி மேபல் லூமிஸ் டாடிடம் கொடுத்தார். கல்லூரி வானியலாளர் டேவிட் டாடின் மனைவி அவர். 1881இல் ஊருக்கு வந்தவர், 1882 முதல் ஆஸ்டினின் காதலி. எமிலியை ஒருமுறைகூட நேருக்கு நேர் கண்டதில்லை. சூசனின் வீட்டுக்கு இதைவிடப் பெரிய அவமானத்தை லவினியா வேண்டுமென்றே தேடினாலும் கண்டுபிடித்திருக்க முடியாது.

ஆனால் வேலையைச் செய்தவர் என்ற முறையில் மேபலைக் குறைசொல்ல முடியாது. கடினமான கையெழுத்தைப் படித்து, நூற்றுக்கணக்கான கவிதைகளைப் படியெடுத்தார், பெரும்பகுதி தட்டச்சில். எமிலியோடு 1862 முதல் கடிதத் தொடர்பு வைத்திருந்த தாமஸ் வென்ட்வொர்த் ஹிக்கின்சன் உடன் நின்றார். பாஸ்டனின் ராபர்ட்ஸ் பிரதர்ஸ் பதிப்பகம் ஒரு நிபந்தனை விதித்தது: அச்சுத் தகட்டின் செலவை லவினியா ஏற்க வேண்டும், அவர்கள் சுமார் 500 பிரதி போடுவார்கள். 1890 நவம்பரில் 115 கவிதைகளோடு முதல் தொகுதி வந்தது. இரண்டே ஆண்டுக்குள் பதினோரு முறை அச்சானது. 1891இல் 166, 1896இல் 168 கவிதைகளோடு அடுத்த தொகுதிகள். மூன்றும் சேர்ந்து 449.

இந்தப் பதிப்புகளில் தலைப்புகள் சேர்க்கப்பட்டன, எதுகை திருத்தப்பட்டது, எமிலி நிறுத்தக்குறியாக இட்ட கோடுகள் காற்புள்ளிகள் ஆயின. படியெடுக்கும்போது கையேடுகளின் நூலும் அவிழ்க்கப்பட்டது. ஆஸ்டினுக்கு எமிலி எழுதிய பழைய கடிதங்களில் சூசனைப் பற்றிய வரிகள் சுரண்டியும் வெட்டியும் அகற்றப்பட்டிருக்கின்றன. அவரைப் புகழும் ஒரு கவிதை மையால் மூடப்பட்டிருக்கிறது. நூலை அவிழ்த்ததில் பகையில்லை, வேலை வசதிதான். சுரண்டலை அப்படிச் சொல்ல இயலாது.

ஒரு துண்டு நிலம்

ஆஸ்டின் முன்பே குடும்பப் புல்வெளியில் ஒரு மனையை டாட் தம்பதிக்குக் கொடுத்திருந்தார். அங்கே அவர்கள் கட்டிய வீடு இரண்டு டிக்கின்சன் வீடுகளிலிருந்தும் கூப்பிடு தூரம். தன் பங்கையும் மேபலுக்கே சேர்க்க ஆஸ்டின் விரும்பினார். மனைவி, மக்கள் இருக்கையில் வேறொருவரின் மனைவிக்கு உயிலில் எழுத முடியுமா? ஆகவே தந்தைவழிச் சொத்தின் தன் பங்கை லவினியாவுக்கு எழுதினார், அதை அவர் மேபலுக்கு மாற்றிக்கொடுப்பார் என்ற புரிதலில். 1895 ஆகஸ்ட் 16இல் ஆஸ்டின் இறந்தார்.

சட்டப்படி இப்போது நிலம் முழுவதும் லவினியாவுடையது. வாய்வாக்கைக் காப்பாற்றச் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தாது. மேபல் கேட்டது முழுப் பங்கு அல்ல. தன் மனையை ஒட்டிய குறுகிய துண்டு ஒன்று, கவிதைகளுக்காக உழைத்ததற்கு ஈடு என்று. 1896 பிப்ரவரியில் ஒரு மாலை, நார்தாம்ப்டன் வழக்கறிஞர் திமதி ஸ்பால்டிங் முன்னிலையில் லவினியா கையெழுத்திட்டார். பத்திரம் உடனே பதிவாகவில்லை. ஏப்ரலில், டாட் தம்பதி சூரிய கிரகணம் பார்க்க ஜப்பான் புறப்படும் நேரத்தில்தான் பதிவானது. ஊர் தெரிந்துகொண்டது, சூசனும் தெரிந்துகொண்டார். அந்த ஆண்டு நவம்பரில் லவினியா வழக்குத் தொடுத்தார். தான் கையெழுத்திட்டது கிரயப் பத்திரம் என்று தெரியாது, அந்த இடத்தில் யாரும் வீடு கட்டாமல் தடுக்கும் தாள் என்று எண்ணினேன் என்பது அவர் வாதம்.

1898 மார்ச்சில் நார்தாம்ப்டனில் விசாரணை நடந்தது. லவினியா வீட்டுப் பணிப்பெண் மார்கரெட் மாஹர் முந்தைய ஆண்டே வாக்குமூலம் கொடுத்திருந்தார், ஆஸ்டினும் மேபலும் அந்த வீட்டில் சந்தித்ததையும் சேர்த்து. 65 வயது லவினியா கூண்டில் ஏறி, வியாபார விவகாரம் எதுவும் தனக்குத் தெரியாது, எல்லாம் அண்ணன் பார்த்தார் என்று சொன்னார். இதில் பாதி நடிப்பாக இருக்கலாம். பதிப்பாளரோடு பேரம் பேசத் தெரிந்த பெண் அவர். ஆனாலும் இருபதாண்டுக் கையெழுத்துப் பழக்கம் அந்த வாதத்துக்கு உயிர் கொடுத்தது. தீர்ப்பு லவினியா பக்கம். மேல்முறையீட்டிலும் அதே ஆண்டு நவம்பரில் மேபல் தோற்றார்.

நடைமுறைப் பிழைகள் இரண்டு பக்கமும் உண்டு. ஆஸ்டின் உயிரோடு இருக்கும்போதே பாகம் பிரித்துத் தன் துண்டைத் தானே கிரயமாக எழுதியிருந்தால் வழக்குக்கு இடமில்லை. எழுதியிருந்தால் ஊர் அறிந்திருக்கும் என்பதால்தான் எழுதவில்லை. மேபலின் பிழை, கைம்மாறு என்ன என்பதை எழுத்தில் வைக்காதது. கவிதை வேலைக்கு இன்ன ஊதியம் என்று 1890லேயே ஒரு தாள் எழுதியிருந்தால், அந்த நிலம் அன்பளிப்பா, கூலியா, ஏமாற்றா என்ற கேள்வியே எழாது. லவினியா சுயமாக ஒரு வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்திட்டார். பயனடைபவர் அழைத்துவந்த வழக்கறிஞரே சாட்சி.

பெட்டி பூட்டப்பட்ட பின்

தோற்ற மேபல் தன்னிடம் இருந்த கைப்பிரதிகளைத் திருப்பித் தரவில்லை. கற்பூர மரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். அந்தப் பெட்டி 1929இல்தான் திறக்கப்பட்டது. லவினியா 1899 ஆகஸ்ட் 31இல் இறந்தார். ஆஸ்டினின் மூத்த மகன் நெட் 1898 மே மாதமே போய்விட்டார். ஆக எஞ்சிய வாரிசு மகள் மார்த்தா. லவினியாவிடம் இருந்த தாள்களும் சூசனின் தொகுப்பும் அவரிடம் சேர்ந்தன. 1914 முதல் மார்த்தா தன் பங்கை வெளியிட்டார். 1945இல் மேபலின் மகள் மில்லிசென்ட் டாட் பிங்கம், பெட்டியில் கிடந்த 600க்கு மேற்பட்ட கவிதைகளை வெளியிட்டார். ஒரே கவிஞர், இரண்டு கிடங்கு, போட்டி போட்டு வந்த பதிப்புகள். எது முழுமை என்று எவராலும் சொல்ல இயலாத நிலை அரை நூற்றாண்டு நீடித்தது.

மார்த்தா 1943இல் இறந்தபோது சொத்து அவர் உதவியாளர் ஆல்ஃபிரட் லீட் ஹாம்ப்சனுக்குச் சேர்ந்தது. 1950இல் கில்பர்ட் மாண்டேகு அந்தக் கைப்பிரதிகளை வாங்கி ஹார்வர்டுக்கு அளித்தார். எமிலியின் எழுதுமேசையும், புல்லர்டு வரைந்த பிள்ளைகள் படமும் அங்கேதான் இருக்கின்றன. மில்லிசென்ட் தன் பங்கை 1956இல் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரிக்குக் கொடுத்தார். கல்லூரியைத் தாத்தா கட்டினார், அப்பாவும் மகனும் அதன் கணக்கைப் பார்த்தார்கள். ஆனால் குடும்ப வாரிசின் தாள்கள் ஹார்வர்டுக்கும், எதிர்வழக்காடியவரின் தாள்கள் அந்தக் கல்லூரிக்கும் போயின.

தாமஸ் ஜான்சன் 1955இல் இரு தொகுப்பையும் இணைத்து 1,775 கவிதைகளோடு முதல் முழுப் பதிப்பைக் கொணர்ந்தார். ரால்ஃப் ஃபிராங்க்ளின் 1998இல் 1,789 ஆக்கினார். கையேடுகளின் வரிசையை அதற்கு முன்பே, 1981இல், அவர் மீட்டிருந்தார். ஊசித் துளைகள் தாளுக்குத் தாள் எங்கே ஒத்துப்போகின்றன, எந்தக் கறை அடுத்த தாளில் படிந்திருக்கிறது, எந்த மடிப்புச் சுருக்கம் தொடர்கிறது என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்த வேலை அது.

வீடுகளுக்கும் தனிக்கதை உண்டு. தாத்தா கட்டிய பெரிய வீட்டை மார்த்தா 1916இல் விற்றார். 1965இல் கல்லூரி அதை வாங்கியது. எவர்கிரீன்ஸை ஹாம்ப்சன் குடும்பத்துக்குப் பின் யாரும் குடியிருக்காமல் இடித்துவிட வேண்டும் என்று மார்த்தாவின் உயில் சொன்னது. ஹாம்ப்சனின் மனைவி 1988 வரை அதிலேயே வாழ்ந்ததும், பின் ஓர் அறக்கட்டளை ஏற்றதும்தான் அதைக் காப்பாற்றின. 2003இல் இரண்டு வீடுகளும் ஒரே அருங்காட்சியகமாயின.

ஆவணங்களைப் பார்ப்பவர் இடறும் இடங்கள்

பெயர்கள்தான் முதல் பொறி. தாயும் மகளும் எமிலி. அப்பாவும் பேரனும் எட்வர்ட்; பேரன் வீட்டில் நெட். கில்பர்ட் என்பது சூசனின் பிறந்த வீட்டுப் பெயர், அவர் கடைசி மகனின் பெயரும் அதுவே. கைப்பிரதி வாங்கிய மாண்டேகுவின் முதற்பெயரும் கில்பர்ட். லவினியா நார்கிராஸ் என்று வெறுமனே வந்தால் தாயின் தங்கையா, மகளா என்று ஆண்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது எண். கவிதைகளுக்குத் தலைப்பில்லாததால் எண்ணால் குறிப்பிடுகிறார்கள். ஜான்சன் எண்ணும் ஃபிராங்க்ளின் எண்ணும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. யாருடைய எண் என்று எழுதாத மேற்கோளை முதல் அடியை வைத்துச் சரிபார்க்காமல் எடுத்தாளக் கூடாது. 1890களின் பதிப்பிலிருந்து எடுத்த வாசகத்தில் தலைப்பு இருந்தால் அது பதிப்பாசிரியருடையது என்று கொள்ளலாம். 1890களின் வாசகம் பொதுவுடைமை. 1955, 1998 வாசகங்களுக்கு ஹார்வர்டு உரிமை கோருகிறது. மறுபதிப்போ மொழிபெயர்ப்போ செய்பவர் எந்த வாசகத்திலிருந்து வேலை செய்கிறார் என்பதை முதல் நாளே குறித்துவைக்க வேண்டும்.

கைப்பிரதியையே பார்க்க விரும்பினால், கையேடுகளின் பெரும்பகுதிக்கும் சூசனுக்கு அனுப்பியவற்றுக்கும் ஹார்வர்டின் ஹாட்டன் நூலகம். பிற்கால வரைவுகளுக்கும் கடித உறைத் துண்டுகளில் கிறுக்கியவற்றுக்கும் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி. ஹிக்கின்சனுக்கு அனுப்பியவற்றுக்குப் பாஸ்டன் பொது நூலகம். ஆஸ்டின், மேபல் நாட்குறிப்பும் கடிதமும் யேல் பல்கலைக்கழகத்தில். ஹார்வர்டு 2013இல் தொடங்கிய இணையத் தொகுப்பில் இவற்றில் பலவற்றின் படங்களை ஒரே இடத்தில் தேடலாம். ஆனால் படத்தில் ஊசித் துளை எல்லா நேரமும் தெளிவாகத் தெரியாது. தாள் எந்தக் கையேட்டைச் சேர்ந்தது என்பதை ஃபிராங்க்ளின் அட்டவணையோடு ஒப்பிட்டே உறுதிசெய்ய வேண்டும்.